எவர்சில்வர் தூக்கின் மேல் போட்ட பழி

கோமளவல்லியின் முகத்தைத் தெரிந்தவர்கள் மயிலாப்பூரில் சித்திரக்குளத்தைச் சுற்றி நாலு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். குரலைத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். டெலிபோனில் 197 சுற்றினால் ‘என்கொயரி’ என்று ஒரு குரல் வருமே, அந்தக் குரல்களில் ஒன்று அவளுடையது. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, அரிசி மண்டி, சினிமா கொட்டகை என்று எதன் நம்பரைக் கேட்டாலும் பாதி நேரம் புத்தகத்தைப் புரட்டாமல் மனசிலிருந்தே எடுத்துச் சொல்லிவிடுவாள். பதறிக்கொண்டு பேசுகிறவர், குடித்துவிட்டுப் பேசுகிறவர், நம்பரே வேண்டாம், எதிர்முனையில் ஒரு மனுஷக் குரல் இருந்தால் போதும் என்று சுற்றுகிறவர், எல்லாரையும் முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடும் காது அவளுக்கு.

அவள் புருஷன் ஸ்ரீனிவாசராகவன் தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பேச்சுத்தான் தொழில். நாள் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு வந்த பிறகும் அவருக்குப் பேச்சு மிச்சமிருக்கும். ஹெட்மாஸ்டரின் அல்பத்தனம், ஸ்டாஃப் ரூம் வம்பு, பரீட்சைப் பேப்பரில் பிரம்மபுத்திராவை ராஜஸ்தானில் ஓடவிட்ட பையன், எல்லாவற்றையும் சாயங்காலம் அவளிடம் கொட்டியாக வேண்டும். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். ‘உம்’ கொட்டுகிற பழக்கம் கிடையாது. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

புருஷன் பேச, பெண்டாட்டி கேட்க, இதில் என்ன அதிசயம் என்று யாராவது சொல்லலாம். கேட்கிறாற்போல் உட்கார்ந்திருப்பது வேறு, கேட்பது வேறு. ராகவனுக்கே அந்த வித்தியாசம் தெரியாது. அவர் யார் பேச்சையும் முழுசாகக் கேட்டதில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையைப் பற்றிப் பேசி ஓய்ந்து வெகு காலமாகியிருந்தது. வீட்டில் இருந்ததெல்லாம் அவருடைய வாயும் அவளுடைய காதும்தான், அதில் நிறைவாகவே இருந்தார்கள்.

கோமளாவுக்கு இளைப்பு உண்டு. அதற்காக வருஷக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரை, இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் பந்தைக் கரையான் மாதிரி அரித்துவிட்டது. பஸ் படியேற முடியவில்லை. கடைசியில் எக்ஸ்சேஞ்சின் மாடிப்படியும் ஏற முடியாமல் போனபோது, அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சுப்புராயனிடம் போனார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. டாக்டர் மேஜை மேலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார். பளபளவென்று ஒரு பந்து, அதன் கீழே நீண்ட காம்பு, பந்து போய் உட்கார ஒரு கிண்ணம்.

“முன்னெல்லாம் இந்தக் கிண்ணத்துக்குள்ள பிளாஸ்டிக் வைப்போம். அது தேஞ்சு போயிடும். இது புது மாடல், வெளிநாட்டுது. கிண்ணமும் மெட்டல், பந்தும் மெட்டல். தேயவே தேயாது மாமி. உங்களுக்கு அப்புறமும் இது இருக்கும்” என்றார்.

நல்ல மனுஷர்தான். மனசாரத்தான் சொன்னார். கடைசியாகச் சொன்னது பலிக்கவும் பலித்தது, அதுதான் கொடுமை.

ஆப்பரேஷன் நன்றாக நடந்தது. கோமளா தடி ஊன்றி நடந்தாள், பிறகு தடியை மூலையில் சாத்திவிட்டு நடந்தாள். தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது என்று சொன்னதைத் தட்டாமல் கேட்டாள். பெருமாள் கோயிலில் மட்டும் விழுந்து சேவிக்க முடியாமல் நின்றபடி கை கூப்பிவிட்டு வருவது அவளுக்கு உறுத்தலாக இருந்தது. ராகவன் ரிடையர் ஆகி வீட்டோடு இருந்தார். அவள் டியூட்டி முடிந்து வந்ததும் பேசுவதற்கு இப்போது பள்ளிக்கூடம் இல்லை, ஆனால் பேப்பர் இருந்தது, தண்ணீர் லாரிச் சண்டை இருந்தது, பேச்சுக்குக் குறைவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு செக்கப்பின்போது டாக்டர் சுப்புராயன் புதிதாக ஒன்று சொன்னார். வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். உலோகமும் உலோகமும் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொடி உதிருமாம். அது கரைந்து ரத்தத்தில் கலந்து, கொஞ்சம் மூத்திரத்தில் வெளியே வருமாம். கோபால்ட், குரோமியம் என்று இரண்டு உலோகம். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் யாருக்காவது ரொம்ப அதிகமாக இருந்தால் உள்ளே பந்து சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், சீக்கிரமே திறந்து மாற்றிவிடலாம். தன்னிடம் ஆப்பரேஷன் செய்துகொண்ட எல்லாரிடமும் மூத்திரம் வாங்கி அந்த வெளிநாட்டு லேபுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

நர்ஸ் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனும் ஒரு பிளாஸ்டிக் குவளையும் கொண்டுவந்து கொடுத்தாள். “ஒரு நாள் முழுக்கப் போறதை இதிலயே பிடிச்சுக் கொண்டாந்துடுங்கம்மா” என்றாள். ஏன் இதிலேயே என்று அவள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காரணம் சொல்லிப் பழக்கமில்லை, நமக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. அவர்கள் குடியிருந்தது மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடு. குளியலறையும் கக்கூஸும் கொல்லைக் கோடியில், மூன்று குடித்தனத்துக்கும் பொது. அங்கே போக முற்றத்தைத் தாண்ட வேண்டும். முற்றத்தில் துவைக்கிற கல்லருகில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அந்தக் கேனோ பால் நிறம், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ரகம்.

“இதைத் தூக்கிண்டு நாலு பேர் நடுவுல நான் எப்படின்னா போவேன்? மானம் போயிடும்” என்றாள் கோமளா. குரலில் அழுகை இருந்தது. ஊருக்கெல்லாம் முகம் காட்டாமல் பேசி வாழ்ந்தவள் அவள், இந்தக் காட்சியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“நீ எதுக்குப் போறே? நான் கொண்டு வைக்கறேன். கேன் ஆத்துக்குள்ளயே இருக்கட்டும்” என்றார் ராகவன்.

பரணிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்கை இறக்கினார். கல்யாணத்தில் அவள் பிறந்தகத்திலிருந்து வந்தது. மூடியில் புள்ளி புள்ளியாக ‘கோமளவல்லி’ என்று வெட்டியிருக்கும். கொஞ்சம் ஒடுங்கிப் போனதால் பரணுக்குப் போய்விட்ட தூக்கு. மூடிவிட்டால் உள்ளே என்ன என்று பிரம்மாவுக்கும் தெரியாது, பார்க்கிறவர்கள் குளிக்க வெந்நீர் என்றோ சீயக்காய் என்றோ நினைத்துக்கொள்வார்கள். டாக்டர் கைக்குப் போகிற சமாசாரம், பாத்திரத்தில் அழுக்கிருக்கக் கூடாது என்று புளியை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கினார்.

அன்றைக்கு முழுவதும் அவர்தான் அதைக் கொண்டு வைத்தார், அவர்தான் எடுத்து வந்தார். காலையில் சந்தியாவந்தனம் முடிக்காமல் காபி குடிக்காத மனுஷர், மனைவியின் மூத்திரத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, துவைக்கிற கல்லருகில் இருந்தவர்களிடம் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டே முற்றத்தைத் தாண்டினார். அவருடைய இருபத்துச் சொச்ச வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அவளுக்குச் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அதுவே வினையாகப் போனது. மறுநாள் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, தூக்கிலிருந்ததைக் கேனில் ஊற்றி மூடி, மஞ்சள் பையில் போட்டு அடையாறுக்கு ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பதில் வர மாசங்கள் ஆயின. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டு அனுப்பினார்கள். டாக்டர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“மத்த பேஷண்டுகளைவிட உங்களுக்கு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு மாமி. ரெண்டு மெட்டலுமே. கொஞ்சநஞ்சம் இல்லை. திறந்து பார்த்துட வேண்டியதுதான்னு நினைக்கிறேன்” என்றார்.

கோமளா ராகவன் பக்கம் திரும்பினாள். இன்னொரு தடவை அந்தக் கத்தி, அந்த மாசங்கள், அந்தத் தடி.

டாக்டர் காகிதத்தை மறுபடியும் பார்த்தார். “நர்ஸ் கொடுத்த குவளையிலயும் கேன்லயும்தானே பிடிச்சீங்க?”

ராகவனுக்குப் பொய் சொல்ல வராது. கூச்சத்தோடு தூக்கு விஷயத்தைச் சொன்னார். புளி போட்டுத் தேய்த்ததையும் விடவில்லை, அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். “என்ன சார், வாத்தியாரா இருந்துட்டு! எவர்சில்வர்ல குரோமியம்தானே இருக்கு! புளி வேற போட்டுத் தேய்ச்சிருக்கீங்க. ஒரு நாள் முழுக்க அதுல ஊறினா மெட்டல் இறங்காம என்ன செய்யும்? நல்ல வேளை கேட்டேன், இல்லாட்டி மாமியைத் திறந்திருப்பேன்!” என்றார். அடுத்த தடவை அனுப்பும்போது ஒழுங்காகப் பிடித்து மறுபடி கொடுக்கும்படி சொல்லி அனுப்பினார்.

மலைபோல் வந்தது பனிபோல் விலகிவிட்டது. வெளியே வந்து, ஆட்டோ கூடப் பிடிக்காமல், ஒரு ஹோட்டலில் நுழைந்து இரண்டு பேரும் ரவா தோசை சாப்பிட்டார்கள். ராகவன் டாக்டர் மாதிரியே சிரித்துக் காட்டினார். கோமளாவும் சிரித்தாள், ஆனால் அவள் வழக்கப்படி ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏன்னா, அவர் ரெண்டு மெட்டல் ஜாஸ்தின்னாரே. தூக்குல ஒண்ணுதானே இருக்குன்னார்?”

“அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வரும்டி. டாக்டருக்குத் தெரியாதா?” என்றார் பூகோள வாத்தியார்.

சில வாரம் கழித்து அவளே, “மறுபடி குடுத்துடலாமா?” என்று கேட்டாள். “இன்னொரு தரம் அந்த அசிங்கத்தைச் சுமக்கணுமா? நன்னாத்தானே நடக்கறே?” என்றார். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ‘நாம பயந்து செத்ததுக்குக் காரணம் இந்தத் தூக்குதான், பொய் சொல்லித்து’ என்று சொல்லி, பழைய பாத்திரம் எடுக்கிறவனிடம் அந்தத் தூக்கைத் தள்ளிவிட்டாள். ஆசையாக வைத்திருந்த பிறந்தகத்துச் சாமானை அவள் அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். டாக்டர் சுப்புராயனும் அடுத்த வருஷம் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார், அவருக்குப் பிறகு யாரும் கேன் கொடுக்கவில்லை.

மதராஸ் சென்னை ஆன வருஷம், கோமளாவின் காது மந்தமாகத் தொடங்கியது.

முதலில் கவனித்தது பக்கத்து ஸீட் ஷம்ஷாத். ராயப்பேட்டைக்காரி, பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள். கோமளா எல்லாரையும் “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். பெயரை இரண்டு தரம் கேட்பாள், தெருவை மூன்று தரம் கேட்பாள். எதிர்முனையில் திட்டுவது ஷம்ஷாத்துக்கே கேட்கும், கோமளாவுக்குக் கேட்காது.

“அக்கா, லைன் சரியில்லன்னு சொல்லி என் பக்கம் தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்” என்பாள் ஷம்ஷாத். இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்தாள். எத்தனை நாள் பார்ப்பாள்?

காது டாக்டர், “இவ்வளவு வருஷம் ஹெட்ஃபோன் மாட்டினா காது போகாம என்ன ஆகும்?” என்றார். கேட்க நியாயமாக இருந்தது. நியாயமாகக் காதில் விழுகிற காரணம் கிடைத்துவிட்டால் யாரும் அதற்கு மேல் தோண்டுவதில்லை. காதுக்கு மாட்டிய மெஷின் சத்தத்தைப் பெரிசாக்கியதே தவிர வார்த்தையைத் தெளிவாக்கவில்லை. தொண்ணூற்று ஏழில் கோமளா தானாகவே வேலையை விட்டாள். கடைசி நாள் ஷம்ஷாத் கட்டிக்கொண்டு அழுதாள். ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். என்ன சொன்னாள் என்று வீட்டுக்கு வந்து ராகவனைத்தான் கேட்டாள் கோமளா. அவருக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ராகவன் முதலில் கத்திப் பேசினார். கத்தினால் மற்ற போர்ஷன்களுக்கெல்லாம் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு ஸ்லேட்டும் சாக்பீஸும் வாங்கி வந்தார். ‘சாதம் ஆச்சா’, ‘மருந்து’, ‘மழை வருது, துணி’ என்று எழுதிக் காட்டினார். ஹெட்மாஸ்டரின் அல்பத்தனத்தை ஸ்லேட்டில் எப்படி எழுதுவது? நாளடைவில் பேப்பரைத் தானே படித்துத் தானே மடித்து வைத்தார். கோமளா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அசையாதா என்று. சில சமயம் அவர் கொட்டாவி விட்டால்கூட, “என்ன சொன்னேள்?” என்பாள். வாயாடி ராகவன் ஊமை மாதிரி ஆகிவிட்டதைத் தெருவே பார்த்தது.

இன்னொன்றும் இருந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும். நாற்காலிதான் முனகுகிறது என்று ராகவன் அதன் இணைப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். சத்தம் நிற்கவில்லை. கட்டிலுக்கும் விட்டார். ஒரு நாள் அவள் கோயில் வாசற்படி ஏறும்போது அதே சத்தம் கேட்டது. அங்கே நாற்காலியும் இல்லை, கட்டிலும் இல்லை. ஆனால் மனுஷன் நம்ப விரும்பாததை நம்பாமல் இருக்க ஆயிரம் வழி இருக்கிறது. வயசானால் எலும்பு நெறிக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவளுக்கு மூச்சு வாங்கியது. பழைய இளைப்பு என்று நினைத்தார்கள். பாதம் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப் புடவைக் கொசுவம் நழுவியது. தி. நகரில் இதய டாக்டர் மெஹபூப் அலியிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். சின்ன வயசுக்காரர், ஆனால் நிதானமாகக் கேட்கிறவர். இதயம் பெருத்துத் தளர்ந்துபோயிருக்கிறது என்றார். அடைப்பு இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, காரணம் தெரியவில்லை. தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றையும் விசாரித்தார். காது எப்போது போனது என்று கேட்டார். இடுப்பு ஆப்பரேஷன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். எக்ஸ்ரே எடுத்தார். ரத்தத்தைத் தானே நின்று பிளாஸ்டிக் குழாயில் எடுக்கவைத்து, தெரிந்தவர்கள் மூலம் வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று கோமளாவும் ராகவனும் அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.

“பாருங்க சார், கிண்ணம் கொஞ்சம் செங்குத்தா உட்கார்ந்திருக்கு. கால மடக்கறப்பல்லாம் பந்தோட கழுத்து கிண்ணத்தோட விளிம்புல இடிக்குது. ஒண்ணை ஒண்ணு ராவிக்கிட்டே இருக்கு. அந்தக் கோபால்ட் பூரா ரத்தத்துல. காது போனதும் அதனாலதான், ஹார்ட் இப்படி ஆனதும் அதனாலதான். முன்னாடி யாராவது லெவல் பார்த்தாங்களா?”

ராகவன் தூக்கு விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை பெருமை இல்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். “எவர்சில்வர் பாத்திரத்துல குரோமியம் வரும், சரி. கோபால்ட் ஏது சார்?”

ஹோட்டலில் ரவா தோசைக்கு எதிரே உட்கார்ந்து ஒருத்தி கேட்ட அதே கேள்வி.

“அப்பவே மாத்தியிருந்தா…” என்று தொடங்கி டாக்டர் நிறுத்திக்கொண்டார். “இப்ப அந்த மெட்டலை வெளியில எடுத்தாத்தான் ஹார்ட் தேறும். ஆனா இந்த ஹார்ட்டை வெச்சுக்கிட்டு மயக்கம் கொடுக்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. மருந்து கொடுத்துக் கொஞ்சம் தேத்திப் பார்க்கலாம் சார். அல்லா விட்ட வழி.”

கோமளா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னன்னா சொல்றார்?”

ராகவன் பையிலிருந்து ஸ்லேட்டை எடுத்தார். ‘ஹார்ட் வீக். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்’ என்று எழுதினார். காது கேட்காதவளிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

மருந்து தேற்றவில்லை. மார்கழி மாசம் கோயிலில் மற்றவர்கள் திருப்பாவை சேவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வீட்டில் தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்த கோமளா, ஸ்லேட்டைத் தானே எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“ஏன்னா, அன்னிக்கு அந்த டாக்டர் ‘எவர்சில்வர்’னாரே. உதட்டைப் பார்த்தேன். எதுக்கு அதைப் பத்திப் பேசினார்?”

எத்தனையோ வருஷமாக முகம் பார்க்காமல் குரலைக் கேட்டவள், இப்போது குரல் கேட்காமல் முகத்தைப் படித்திருந்தாள். ராகவன் சாக்பீஸை எடுத்தார். ‘தூக்கு’ என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, அது அவள் வழக்கம் இல்லை. கடைசியில் அவர் அந்த ஒரு வார்த்தையையும் உள்ளங்கையால் அழித்துவிட்டு, ‘சும்மா’ என்று எழுதினார்.

கோமளா அதைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். “சரி” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பினாளா, மன்னித்தாளா, அலுத்துப்போனாளா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டாள்.

பிள்ளை இல்லாததால் அவரே கொள்ளி வைத்தார். மறுநாள் எலும்பு பொறுக்கும் சஞ்சயனத்துக்கு, காரியம் செய்துவைக்கிற வாத்தியாரோடு மயானத்துக்குப் போனார். சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. காலில் தொடங்கி மேலே மேலே எலும்பைப் பொறுக்க வேண்டும் என்றார் வாத்தியார். மயானத்தில் வேலை செய்யும் கங்காதரன் ஒரு கழியால் சாம்பலைக் கிளறி, எலும்பை ஒதுக்கி ஒதுக்கிக் கொடுத்தான். பாதம், முழங்கால், தொடை என்று வந்து இடுப்பில் கழி ‘டங்’ என்று தட்டியது.

“இன்னா சாமி இது? இரும்பு உருண்டை மாதிரி கீது. இம்மாம் நெருப்புல ஒண்ணுமே ஆவல பாரேன்” என்றான் கங்காதரன்.

“அது ஆப்பரேஷன்ல வெச்சது. அஸ்தி இல்லை. ஓரமாப் போட்டுடு” என்றார் வாத்தியார்.

“போடாதே” என்றார் ராகவன். அதை வாங்கிப் பால் ஊற்றிக் கழுவினார். கரி போனதும் காம்பும் பந்தும் தெரிந்தன. உங்களுக்கு அப்புறமும் இது இருக்கும் என்று சுப்புராயன் சொன்னது நினைவு வந்தது. பந்தின் ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் அம்மிக்கல் மாதிரி சொரசொரத்தது. பந்துக்குக் கீழே கழுத்தில், விளிம்பு இடித்து இடித்து ஒரு வெட்டு விழுந்திருந்தது. அவர் விரல் நகம் அதற்குள் இறங்கியது.

அந்த வெட்டில் இல்லாமற்போன உலோகம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியும். அவள் காதுக்குப் போனது, இதயத்துக்குப் போனது. கொஞ்சம் அந்தத் தூக்குக்கும் வந்தது. வந்து, இருந்ததை இருந்தபடி சொன்னது. அவளும் அதைத்தான் கேட்டாள். காது நன்றாக இருந்த ராகவன்தான் கேட்கவில்லை.

அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பல மாசங்களுக்குப் பிறகு அவளிடம் வாய் திறந்து, எதிரே இருப்பவளுக்குச் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார்.

“தூக்கு பொய் சொல்லலடி கோமளா. நீ கேட்டது சரி. நான்தான்…”

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். “ஸ்வாமி, நீங்களா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னாப் போறும்” என்றார்.

ராகவன் தலையாட்டினார். பந்தை எலும்புகளோடு சேர்த்துக் கலயத்தில் வைத்துவிட்டு, வாத்தியார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் திருப்பிச் சொன்னார்.